கம்பம் தூக்காத கை

உலர்ந்த படுக்கை விரிப்பை அவள் ஒரே உதறலில் உதறுவாள். பட்டென்று வெடிச் சத்தம் கேட்கும். மறுமுனையைப் பிடித்திருக்கும் குட்டையம்மா இரண்டடி முன்னால் இழுபட்டு, ஒரு செருப்பைப் பின்னால் விட்டுவிட்டு வந்து நிற்பாள்.

“ஏண்டி, விரிப்ப உதறுறியா, என்னையே உதறுறியா? தோள்பட்டை கழண்டு கூடையில விழுந்தா அதையும் துவைச்சு மடிச்சு வெச்சுடு.”

“இறுக்கிப் பிடின்னு எத்தன வாட்டி சொல்றது. மணிக்கட்ட மடக்காத. முழங்கைய நிமித்து.”

“நான் துணி மடிக்க வந்தவ. உங்கூட மேட்ச் ஆட வரல.”

பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம் அது. கட்டடத்துக்குப் பின்னால், சவக்கிடங்குக்கும் சமையற்கட்டுக்கும் நடுவில் இருக்கிறது. துவைக்கும் உருளைகள் நான்கு, அதில் ஓடுவது மூன்று. ஒரு நாளைக்கு அறுநூறு விரிப்பு. ரத்தக்கறை தனி, மருந்துக்கறை தனி. ஆவியில் சுவரெல்லாம் வியர்த்துக்கொண்டிருக்கும். விரிப்பை உதறுகிற அவள், கம்பம், இந்த இடத்தில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறாள். விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருத்தியால் ஆகாது. மூலையை மூலையோடு சேர்க்க எதிரில் இருப்பவளை நோக்கி நடந்தே தீர வேண்டும். அறுநூறு விரிப்பு என்றால் அறுநூறு தடவை நேருக்கு நேர் வந்து முகம் பார்த்தாக வேண்டும். கம்பம் இருப்பது கால்வாய்ப் பக்கத்துக் குடியிருப்பில். குட்டையம்மா இருப்பது ரயில் பக்கத்துக் குடியிருப்பில். இரண்டு பக்கத்துக்கும் பேச்சுவார்த்தை அற்றுப்போய் இரண்டு வருஷம் ஆனபோதும், சலவைக்கூடத்துக்குள் மட்டும் பகை நுழையவில்லை. நுழைந்தால் ஆஸ்பத்திரியில் விரிப்பு கிடையாது.

கம்பத்தின் உயரம் ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. நாற்பது வயசு. பேர் வந்த கதை பள்ளிக்கூடத்துக் கதை. கைப்பந்து வலையைக் கட்டும் மரக்கம்பம் ஒன்று ஆட்டத்துக்கு நடுவில் முறிந்து விழுந்தது. விளையாட்டு வாத்தியார் சுற்றும் முற்றும் பார்த்தார். எட்டாம் வகுப்பில் படித்த இவளைக் கூப்பிட்டு, கயிற்றைக் கையில் கொடுத்து, “கொஞ்ச நேரம் பிடிச்சுக்கிட்டு நில்லும்மா” என்றார். கொஞ்ச நேரம் இரண்டு மணி நேரம் ஆனது. ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவர்களும் தோற்றவர்களும் கைகுலுக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வாத்தியாரும் போய்விட்டார். இவள் கயிற்றைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். காவல்காரர்தான் கண்டுபிடித்து வீட்டுக்கு அனுப்பினார். அன்றைக்கு ஒட்டிய பேர். சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அவளுக்கு இன்னொரு பேர் இல்லை.

வாசற்படி எல்லாவற்றிலும் குனிவாள். தன் உயரத்துக்குத் தாராளமாக இடம் இருக்கும் ஆஸ்பத்திரிப் பெருவாசலிலும் குனிவாள். டீயை ஆற வைத்து, மேலே ஆடை படிந்த பிறகுதான் குடிப்பாள். பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்து, தலைப்புச் செய்திக்கு வருவதற்குள் தூங்கிவிடுவாள். யாராவது ஒரு விஷயத்தைச் சுற்றி வளைத்துப் பேசினால் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு கேட்பாள். பேச்சு முடிந்ததும், “சரி, இப்ப சொல்லு” என்பாள்.

குடியிருப்பில் பல்பு மாட்ட அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஸ்டூல் வேண்டாம், ஏணி வேண்டாம், கையைத் தூக்கினால் போதும். ஒரு காலத்தில் ரயில் பக்கத்து வீடுகளிலும் அவள்தான் மாட்டிக்கொண்டிருந்தாள். பகை வந்த பிறகு அவர்கள் செய்த முதல் காரியம், ஆளுக்கொரு ஸ்டூல் வாங்கியதுதான்.

பகை வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். அதற்குக் கைப்பந்தில் இருக்கிற ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும்.

வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தி ஓங்கி அடிக்கிறாள். இந்தப் பக்கம் ஒருத்தி தடுக்க எழும்புகிறாள். பந்து அவள் விரலில் உரசிவிட்டு வெளியே போய் விழுந்தால் அடித்தவளுக்குப் புள்ளி. உரசாமல் போய் விழுந்தால் தடுத்தவளுக்குப் புள்ளி. உரசல் என்பது தலைமுடி கனம். நடுவர் கண்ணுக்குப் பல சமயம் தெரியாது. பட்டதா இல்லையா என்பது நிச்சயமாகத் தெரிந்தது உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான். அதனால் தெருவில் ஆடி வளர்ந்தவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. பட்டிருந்தால், பட்டவளே கையைத் தூக்கிவிட வேண்டும். யாரும் கேட்பதற்கு முன்னால் தூக்க வேண்டும்.

கம்பம் இதில் பேர் போனவள். மாநில அணித் தேர்வு ஆட்டத்தில், கடைசிப் புள்ளியில், நடுவர் ஊதிய பிறகும் கையைத் தூக்கித் தோற்றவள்; அப்படியும் அணியில் எடுத்தார்கள். “கம்பம் வலைகிட்ட நின்னா எனக்கு சும்மா உக்காந்து சம்பளம்” என்று நடுவர்களே சொல்வார்கள். அவள் கை தூக்கினால் பட்டது. தூக்காவிட்டால் படவில்லை. அதற்கு மேல் பேச்சில்லை. இருபத்தைந்து வருஷம் சேர்த்த பேர் அது.

இரண்டு குடியிருப்புக்கும் நடுவில் ஒரு திடல். வருஷத்துக்கு ஒரு முறை கால்வாய்ப் பக்கத்துப் பெண்களும் ரயில் பக்கத்துப் பெண்களும் அங்கே மோதுவார்கள். பதினோரு வருஷம் தொடர்ந்து ரயில் பக்கமே ஜெயித்தது. காரணம் ஒரே ஆள், டிரைவர். நகரப் பேருந்து ஓட்டுகிறவள். மாநில அணியில் கம்பமும் அவளும் ஒரே அறையில் படுத்து, ஒரே சீப்பில் தலை வாரினவர்கள். அவள் அடித்தால் பந்து தரையில் பள்ளம் பறிக்கும்.

பன்னிரண்டாவது வருஷம் கால்வாய்ப் பக்கம் ஜெயிக்க ஒரு புள்ளி பாக்கி. அதற்கு முந்தின பந்தில் கம்பம் தாமதமாக எழும்பினாள். டிரைவர் வலை வழியாகச் சிரித்தாள். “என்ன கம்பம், துரு பிடிச்சுப் போச்சா?” கேலிதான். ஆயிரம் தடவை செய்த கேலி. அன்றைக்குச் சுருக்கென்றது.

அடுத்த பந்தை டிரைவர் ஓங்கி அடித்தாள். கம்பம் எழும்பினாள். பந்து வெளியே போய் விழுந்தது. படவில்லை என்று நடுவர் கை காட்டினார்.

பட்டது.

ஒரு விரலின் நுனியில், எறும்பு ஊர்ந்த மாதிரி. கம்பத்தின் கை மேலே போகவில்லை. ஒரு நொடிதான். அந்த நொடி தாண்டிய பிறகு தூக்கினால் அது வேறு மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. அவள் நின்றாள். டிரைவர் வலைக்கு அருகில் வந்து, சிரிப்பில்லாமல் கேட்டாள்: “பட்டுச்சா?” கம்பம் வாயைத் திறப்பதற்குள் அவள் தம்பி கூட்டத்திலிருந்து குரல் கொடுத்தான். “எங்கக்கா கையத் தூக்கல இல்ல? தூக்கலன்னா படல. அவ்வளவுதான். போய் பஸ்ஸ ஓட்டு.”

அதற்கப்புறம் நடந்ததை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். யாரோ தள்ளினார்கள். யாரோ அடித்தார்கள். நடுவர் ஏறி நிற்கும் இரும்பு ஏணி சாய்ந்தது. டிரைவரின் இடது முழங்காலில் விழுந்தது. கிளட்ச் மிதிக்கிற கால். இப்போது அவள் பணிமனையில் பாஸ் கொடுக்கும் ஜன்னலுக்குள் உட்கார்ந்திருக்கிறாள். ஜன்னலில் குனிகிற ஜனங்கள் இன்னமும் “டிரைவரம்மா, ஒரு பாஸ்” என்றுதான் கேட்கிறார்கள். போலீஸ் ஐந்து பேரைப் பிடித்தது. அதில் கம்பத்தின் தம்பி ஒருவன். இருபத்து மூன்று நாள் உள்ளே இருந்தான். சாட்சி போதவில்லை என்று வழக்கு தள்ளுபடி ஆயிற்று. திடலுக்கு நகராட்சி பூட்டுப் போட்டது.

விளையாட்டு வீரர்கள்தான் சமாதானத் தூதர்கள் என்று மேடைகளில் முழங்குகிறார்கள். முழங்கட்டும். இந்த ஊரில் ஒரு வீராங்கனை தன் நல்ல பேரை வைத்தே ஒரு கலகத்தை உண்டாக்கிவிட்டாள். அவளை நம்பாமலிருந்தால் அன்றைக்கு அடிதடியே இல்லை. அவள் சொல்லை வேதமாக நம்பியதுதான் கோளாறு. இதை அவளைத் தவிர யாரும் அறியவில்லை.

நகராட்சி சும்மா இருக்குமா? சமாதான ஓட்டம் என்று ஒன்று வைத்தார்கள். மேடையில் ஒன்பது நாற்காலி. வெள்ளை டி-ஷர்ட். கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடக் கம்பத்தைக் கூப்பிட்டார்கள். ஓடினாள். திரும்பிப் பார்த்தால் பின்னால் வந்தவர்கள் அத்தனை பேரும் கால்வாய்ப் பக்கத்துக்காரர்கள். ரயில் பக்கத்துக்கு வேறு நேரம் சொல்லியிருந்தார்களாம், கைகலப்பு வந்துவிடக் கூடாதே என்று. அவர்கள் ஒரு மணி நேரம் கழித்து அதே பாதையில் ஓடினார்கள். கடைசியில் புறாவைப் பறக்கவிடச் சொன்னார்கள். கூண்டைத் திறந்தாள். புறா வெளியே வரவில்லை. “விடுங்க சார், அதுக்காவது வெவரம் தெரியுது” என்று மூடிவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் அவள் தன் வழியில் இறங்கினாள். ஆரம்பம் சாக்கடையில்.

இரண்டு குடியிருப்புக்கும் பொதுவான சாக்கடை ஒன்று அடைத்துக்கொண்டு இரு பக்கத்து வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறியது. கால்வாய்ப் பக்கத்துக் கொத்தனார் ஒரு கரையில். ரயில் பக்கத்துப் பால்காரர் மறு கரையில். கையில் ஆளுக்கொரு கம்பி. வேலை முடிந்து வந்த கம்பம் ரப்பர் செருப்போடு நடுவில் இறங்கி நின்றாள்.

“அவன் என்ன பண்ணான்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது. உன் கை எங்க பட்டுச்சு? அத மட்டும் சொல்லு.”

“என் கையா?” என்றார் கொத்தனார். “இதுல நான் என்னத்தத் தொட்டேன்? கலவச் சட்டி கழுவி ரெண்டு வாட்டி ஊத்தினேன். ரெண்டே வாட்டி.”

“நீங்க?”

பால்காரர் வேறு பக்கம் பார்த்தார். “மூடிய எடுத்தேன். வண்டி பள்ளத்துல உருளுதேன்னு சக்கரத்துக்கு அண்டக் குடுத்தேன். திரும்ப வெக்கலாம்னுதான் இருந்தேன்.”

“எப்போ?”

“போன வருஷம்.”

தோண்டினார்கள். உள்ளே கலவை பாறையாக இறுகிக் கிடந்தது. பால்காரர் கம்பியால் தட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணே, இது ரெண்டு சட்டியா?” என்றார். கொத்தனார் தலையைச் சொறிந்துகொண்டு, “சரி, ஒரு நாலஞ்சு இருக்கும்” என்றார். இரண்டு பேரும் சேர்ந்து உடைத்தார்கள். அது சமாதானம் என்று யாரும் பேர் வைக்கவில்லை. தண்ணீர் போயிற்று.

அப்படியே பரவியது. மாடியிலிருந்து குப்பை கொட்டிய சண்டை, சைக்கிள் காணாமல் போன சண்டை, இரு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்கார மறுத்த சண்டை. கூப்பிட்ட இடத்துக்குப் போவாள். அதே கேள்வியைக் கேட்பாள். அடுத்தவன் செய்ததைப் பேச ஆரம்பித்தால் உள்ளங்கையைக் காட்டி நிறுத்துவாள். ஜனங்கள் முதலில் முறைப்பார்கள். பிறகு ஒருத்தன் மெதுவாகக் கையைத் தூக்குவான். ஒருத்தன் தூக்கிவிட்டால் எதிரில் இருப்பவனுக்குக் கை அரிக்கும். இதில் தத்துவம் ஒன்றும் இல்லை. அடுத்தவன் குற்றத்தைப் பேச ஆயிரம் நாக்கு இருக்கிறது. தன் குற்றத்தைச் சொல்ல ஒரு நாக்குதான். பேச்சு சீக்கிரம் முடிகிறது.

ஒவ்வொரு தடவையும் யாராவது கையைத் தூக்கும்போது கம்பம் தரையைப் பார்ப்பாள்.

நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது. பூட்டிக் கிடக்கும் திடலை லாரி நிறுத்துமிடம் ஆக்கப்போகிறார்கள். வேண்டாம் என்றால் மாதக் கடைசிக்குள் இரு தரப்பும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டு, பராமரிப்புக்குப் பொறுப்பு ஏற்க வேண்டும். கால்வாய்ப் பக்கம் தயார். ரயில் பக்கம், “டிரைவர் போட்டா நாங்க போடுறோம்” என்றது. டிரைவர் ஜன்னலுக்குள்ளிருந்து பதில் அனுப்பினாள். பதிலைக் கொண்டுவந்தவள் குட்டையம்மா.

“ஊருக்கே பஞ்சாயத்து பண்றாளாமே, எங்கிட்ட வந்து பண்ணச் சொல்லு, நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல, எல்லாரும் இருக்கும்போது வந்து சொல்லட்டும், அப்புறம் பேனா எடுக்கறேங்கறா.”

கம்பம் விரிப்பின் மூலைகளைச் சேர்த்தாள். நடந்து வந்தாள். குட்டையம்மாவின் கையில் கொடுத்தாள்.

“பட்டுச்சு.”

“எது?”

“அன்னிக்கு. பட்டுச்சு.”

குட்டையம்மா அண்ணாந்து பார்த்தாள். துவைக்கும் உருளை ஒன்று சுற்றி முடித்து நின்றது.

“இத இப்ப வந்து சொல்றியே. கூடையில இன்னும் நாப்பது கிடக்கு. பிடி.”

நான்கு விரிப்பு மடித்தார்கள். ஐந்தாவதில் குட்டையம்மா சொன்னாள்: “நான் போய் அவகிட்ட சொல்ல மாட்டேன். பட்டது என் விரல் இல்ல.”

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை என்று முடிவாயிற்று. அன்று விடிந்ததும் கம்பம் தம்பியிடம் சொன்னாள். அவன் வெல்டர். கண்ணைச் சுற்றி எப்போதும் சிவந்திருக்கும். அப்பா அம்மா விட்டுப்போன அந்த இரண்டறை வீட்டில் அவனும் அவன் மனைவியும் ஒரு அறை, கம்பம் ஒரு அறை. அவன் சமையலறை வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். கேட்டதும் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுக்கவே இல்லை. நுரை மோவாயில் வழிந்தது.

“இன்னொரு வாட்டி சொல்லு.”

சொன்னாள்.

“உள்ள இருந்தேன்க்கா. இருபத்தி மூணு நாள். ஒவ்வொரு நாளும் என்ன நெனச்சேன் தெரியுமா? எங்கக்கா பொய் சொல்ல மாட்டா, அவளுக்காகத்தான் இதுன்னு நெனச்சேன். அத வெச்சுத்தான் தூங்கினேன்.”

“தெரியும்.”

“என்ன தெரியும்? அந்த ஏணிய...” நிறுத்தினான். கொப்பளித்துத் துப்பினான். “போய் சொல்லாத. பூட்டு கெடந்தா கெடக்கட்டும். லாரி நிக்கட்டும். யாரு செத்தா?”

“அவ கால் போச்சு.”

“நீ சொன்னா வந்துடுமா?”

“வராது.”

“அப்ப எதுக்கு?”

கம்பம் ஆறிப்போன டீயை எடுத்தாள். குடிக்காமல் வைத்தாள்.

“ஊர்ல போறவன் வர்றவன் கையெல்லாம் தூக்க வெச்ச இல்ல, எந்த மொகத்த வெச்சுக்கிட்டுக் கேட்ட?” என்றான் தம்பி. “சொல்லிட்டு இந்த வீட்டுக்கு வராத. வந்தாலும் எனக்கு அக்கான்னு யாரும் இல்ல.”

அவன் மனைவி உள்ளேயிருந்து, “என்ன பேச்சு இது காலங்காத்தால” என்றாள். அவன் கதவைச் சாத்திக்கொண்டான். கம்பம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

நூலகத்தின் வாசிப்பறை. பகை வந்த பிறகு இரு பக்கத்தாரும் புழங்குகிற ஒரே அறை அது; அங்கே பேசக் கூடாது என்று போர்டு இருக்கிறது. வலப்புறம் ரயில் பக்கம், இடப்புறம் கால்வாய்ப் பக்கம், நடுவில் வழி. முன்வரிசையில் டிரைவர். அவள் இடது கால் மடங்காது. நடைவழியில் நீட்டிவைத்திருந்தாள். வருகிற ஒவ்வொருவரும் அதைச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. சுற்றிப் போகும்போது ஒருவரும் அந்தக் காலைப் பார்க்கவில்லை, பார்க்காமலும் இல்லை. கம்பம் எதிர்ப்புறப் பெஞ்சில் இருந்தாள், இரண்டு பக்கமும் கால்வாய்ப் பக்கத்துப் பெண்கள். எல்லாரும் உட்கார்ந்த பிறகு தம்பி வந்தான். கதவோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

நகராட்சி மேற்பார்வையாளர் தாளைப் பிரித்து, “இரு தரப்பாரும் பரஸ்பரம் நல்லெண்ணத்தோடு” என்று வாசிக்க ஆரம்பித்தார்.

“அத அப்புறம் படிங்க சார்” என்றாள் டிரைவர். எதிர் பெஞ்சைப் பார்த்தாள். “கேட்டது ஞாபகம் இருக்கா கம்பம்?”

“இருக்கு.”

“பட்டுச்சா?”

கம்பம் எழுந்தாள். கையைத் தூக்கினாள். நேராக, முழங்கை மடங்காமல், மின்விசிறிக்கு ஒரு சாண் கீழே. இரண்டு வருஷம் தாமதமாகப் போன கை அது. உடனே இறக்கவும் இல்லை.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் அவளுடைய சொந்தப் பக்கம்தான் கொதித்தது. கொத்தனார் எழுந்துவிட்டார். “அப்போ எங்களையெல்லாம் கேணப்பயலுங்களாக்கிட்டியா? எம்மவன் மண்டையில ஆறு தையல்.” பெஞ்சில் அவளுக்கு இந்தப் பக்கம் இருந்தவள் எழுந்து வேறு இடம் போனாள். அந்தப் பக்கம் இருந்தவளும் போனாள். “கப் வேற வாங்கி வெச்சிருக்கோம்டி” என்று யாரோ அழுகிற மாதிரிச் சொன்னார்கள். கம்பம் ஒரு வார்த்தையும் மறுக்கவில்லை. கேட்டுக்கொண்டு, பெஞ்சின் நடுவில் தனியாக உட்கார்ந்தாள்.

சத்தம் அடங்கும்வரை டிரைவர் பொறுத்தாள். பிறகு கேட்டாள்.

“எந்த விரல்?”

“மோதிர விரல். இடது கை.”

“சுண்டுவிரல்னு நெனச்சேன்.”

“இல்ல. மோதிர விரல். நுனியில.”

டிரைவர் தலையாட்டினாள். நெடுநாள் கணக்கு ஒன்று கடைசியில் சரியாகிவிட்ட முகம். “எனக்குக் காதுல கேட்டுச்சுடி. டிக்குன்னு. சொன்னா யாரும் நம்பல. எம்புருஷனே, ஒனக்கு மயக்கத்துல கேட்டிருக்கும்னான். எனக்கே சந்தேகம் வந்துடுச்சு.” கைத்தடியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். “சரி. உன் சட்டம்தானே. நானும் சொல்லணும்.”

டிரைவர் கைத்தடியைப் பெஞ்சில் சாய்த்து வைத்தாள்.

“அன்னிக்கு ஆஸ்பத்திரியில போலீஸ் வந்து யாரு தள்ளினாங்கன்னு கேட்டாங்க. அஞ்சு பேர் பேரச் சொன்னேன். நான் ஒருத்தனையும் பாக்கல. ஏணி சாயும்போது கண்ண இறுக்கி மூடிக்கிட்டேன். யாரு மேல கோவமோ அவன் பேரெல்லாம் சொன்னேன். அதுல யாரு தள்ளினான், யாரு தள்ளலன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. பொய்ச் சாட்சி. அது என் கை.”

மேற்பார்வையாளர் தாளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டார், இதெல்லாம் தன் காதில் விழவில்லை என்பதுபோல. அந்த ஐந்து பேரில் நான்கு பேர் இடப்புறம் இருந்தார்கள். ஒருவன் முகத்தைத் துடைத்தான்.

கதவோரம் நாற்காலி உரசியது.

தம்பி எழுந்துவிட்டான். வெளியே போகிறான் என்று நினைத்து வாசலில் நின்றவர் வழி விட்டார். அவன் போகவில்லை. உட்கார்ந்திருந்த நாற்காலியை ஒரு கையால் தூக்கினான். ரயில் பக்கத்தில் இரண்டு ஆண்கள் சட்டென்று எழுந்தார்கள். குட்டையம்மா, “ஏய், உக்காருங்கப்பா” என்று அவர்களை அதட்டினாள், அவளுக்கே நம்பிக்கை இல்லாத குரலில். அவன் நடைவழியே முன்னால் வந்தான். டிரைவரின் நீட்டிய காலுக்கு எதிரில் நின்றான். அந்த அறையில் அதைச் சுற்றிப் போகாமல் நேரே பார்த்தவன் அவன் ஒருவன்தான். நாற்காலியைத் திருப்பி, இறக்கி, குதிகாலுக்குப் பக்கத்தில் வரும்வரை மெல்லத் தள்ளினான். ஆடுகிறதா என்று ஒரு முறை அழுத்திப் பார்த்தான்.

“கீழ தொங்கவிட்டா வீங்கும்” என்றான், தரையைப் பார்த்து.

டிரைவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்க வேண்டியது எதையும் கேட்கவில்லை. இரண்டு கையாலும் தொடையைப் பிடித்துக் காலைத் தூக்கினாள். நாற்காலியின் மேல் வைத்தாள். அப்பாடா என்று மூச்சு வந்தது.

“பேனா குடுங்க சார்.”

மேற்பார்வையாளர் பையெல்லாம் தேடினார். தம்பி அங்கேயே நின்றான், உட்கார இடமில்லாமல், கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல். கம்பம் அவனைக் கூப்பிடவில்லை. தலையைத் திருப்பவும் இல்லை. பெஞ்சின் நடுவிலிருந்து மெதுவாக நகர்ந்து, ஓரத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.